முதல் ஜிபிஎஸ் கருவி: கொழும்புச் சைக்கிள்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வெள்ளவத்தையில் கிளம்பி, மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடல் வரை போய்த் திரும்பும் எங்கள் சின்னக் கூட்டத்தில், என் சைக்கிளின் ஹாண்டிலில் மட்டும் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கருவி ஒன்று பூட்டியிருக்கும். சவாரி முடிந்து சைவக் கடையில் தோசைக்குக் காத்திருக்கும்போது விசாரணை ஆரம்பமாகிவிடும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பதில் சொல்லி முடிப்பதற்குள் என் தோசை ஆறிவிடுகிறது. ஆகவே எழுதியே வைத்துவிட்டேன்.

கையில்தான் கைத்தொலைபேசி இருக்கிறதே, தனிக் கருவி எதற்கு?

பலருக்குத் தேவையில்லை. விகாரமாதேவிப் பூங்காவைச் சுற்றவும், தியவன்னா ஓயாக் கரையில் ஒரு மணி நேரம் ஓட்டவும் தொலைபேசியே போதும். துல்லியத்துக்காகத் தனிக் கருவி வாங்குவதாக நினைத்தால் ஏமாறுவீர்கள். வானம் திறந்திருக்கும் இடத்தில் சாதாரணத் தொலைபேசியும் ஐந்து மீட்டர் அளவில் இடத்தைச் சொல்லிவிடும். விலை கூடிய கருவியும் அங்கே பெரிதாக எதையும் சாதித்துவிடாது.

வித்தியாசம் மழையிலும் வெயிலிலும் தெரியும். ஒரு மே மாதக் காலையில் நாவல பக்கம் போய்க்கொண்டிருந்தபோது தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஹாண்டிலில் இருந்த தொலைபேசித் திரையில் துளிகள் விழ விழ, அவற்றை விரல் என்று எண்ணி அது தானாகவே இயங்கத் தொடங்கியது. வரைபடம் பெரிதானது, சிறிதானது, கடைசியில் என் மேலதிகாரிக்கு அழைப்பும் போனது. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அவர் 'ஹலோ' சொன்ன தொனியை இன்னும் மறக்கவில்லை. வழியைத் தேட நான் பொத்தான் வைத்த கருவிக்கு மாறியது அந்த வாரம்தான்.

பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தொலைபேசித் திரை கறுத்துப்போகும். சைக்கிள் கருவிகள் பலவற்றின் திரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வகையைச் சேர்ந்தது. வெயில் கூடக் கூட இன்னும் தெளிவாகத் தெரியும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறீர்களா, கொழும்பை விட்டு வெளியே போகிறீர்களா, மழைக்கு வீட்டில் நிற்காதவரா? இவற்றில் இரண்டுக்கு 'ஆம்' என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா? மாதக் கட்டணம் உண்டா?

செய்யும். கட்டணம் கிடையாது. ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. உங்கள் கருவி வானொலிப் பெட்டியைப் போல அவற்றைக் கேட்க மட்டுமே செய்கிறது, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. நான்கு செய்மதிகள் கேட்டால் இடமும் உயரமும் கிடைத்துவிடும். தொலைபேசியில் இன்டர்நெட் தேவைப்படுவது வரைபடத்தை இறக்குவதற்குத்தான். ஹோர்ட்டன் சமவெளியில் நீலப் புள்ளி வெறும் சாம்பல் திரையில் நிற்பதைப் பார்த்துவிட்டு 'ஜிபிஎஸ் இல்லை' என்கிறோம். அங்கே இல்லாதது படம்தான். ஆர்கானிக் மேப்ஸ் போன்ற இலவசச் செயலியில் இலங்கைப் படத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போனால் அந்தக் குறையும் தீரும்.

புதிதாக வாங்கியது முதல் நாள் இடத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை. பழுதா?

பெரும்பாலும் இல்லை. எந்தச் செய்மதி எங்கே இருக்கும் என்ற முழு அட்டவணையை வானத்திலிருந்து கேட்டு முடிக்க 12.5 நிமிடம் ஆகும். கடைசியாக வேறொரு நாட்டில் கண்விழித்த கருவி, கொழும்பில் திகைத்து நிற்பது இயல்பு. தொலைபேசி இந்த அட்டவணையை இன்டர்நெட்டில் எடுத்துவிடுவதால்தான் நொடியில் இடம் சொல்கிறது. மொட்டை மாடியிலோ காலிமுகத்திடலிலோ திறந்த வானத்தின் கீழ் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். மாடிக் குடியிருப்பின் பால்கனியில் வைத்துவிட்டுக் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். அங்கே வானத்தில் பாதியைக் கட்டடம் மறைத்திருக்கும்.

சைக்கிள் கருவியா, மலையேறுபவர்கள் கையில் வைத்திருப்பதா, கடிகாரமா?

பத்துச் சவாரிக்கு ஒரு மலையேற்றம் என்றால் சைக்கிள் கருவி. கார்மின் நிறுவனத்தின் எட்ஜ் வரிசை, வாஹூ, தைவானின் பிரைட்டன், சீனாவின் ஐஜிபிஎஸ்போர்ட் எல்லாம் இந்த வகை. வேகம், தூரம், ஏற்றம் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். இதயத் துடிப்புப் பட்டியையும் மிதிவேக உணரியையும் இணைக்கலாம். மலையில் இதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாலும் தன் வேலையைச் செய்யும்.

நடைதான் முதல், சைக்கிள் ஒரு சாட்டு என்றால் கார்மின் ஈட்ரெக்ஸ் மாதிரியான கைக்கருவி. பார்ப்பதற்குப் பழங்காலத்து வோக்கி டோக்கி போலிருக்கும். ஆனால் விழுந்தாலும் தாங்கும், ஈரக் கையாலும் இயக்கலாம்.

கடிகாரம் பதிவு செய்ய நல்லது. ஓட்டிக்கொண்டே மணிக்கட்டைத் திருப்பி வழி பார்ப்பது காலி வீதியில் உயிருக்கு ஆபத்து.

வரைபடம் உள்ளதுதான் வேண்டுமா? கோடு மட்டும் காட்டுவது போதுமா?

காசை மிச்சம் பிடிப்பதும் வீணாக்குவதும் இந்த இடத்தில்தான். மலிவான கருவிகள் வெற்றுத் திரையில் நீங்கள் போக வேண்டிய வழியை ஒரு கோடாக மட்டும் காட்டும். நீங்கள் ஒரு அம்புக்குறி. கோட்டை விட்டு விலகினால் கத்தும். விலை கூடியவை தெருப்பெயர், ஆறு, காடு எல்லாம் வரைந்து, தாங்களாகவே வழியும் கணிக்கும்.

முதல் கருவிக்குக் கோடு போதும் என்பதே என் கட்சி. காரணம், நல்ல வழி வீட்டு மேசையில் கிடைக்கிறதே தவிர ஹாண்டிலில் அல்ல. கருவியிடம் 'பத்தரமுல்லைக்குக் கொண்டு போ' என்றால் அகலமான வீதியாகப் பார்த்து, பஸ்களுக்கு நடுவே தள்ளிவிடும். கிருலப்பனை, நாவல, பெத்தகான ஈரநிலப் பூங்கா என்று ஒழுங்கைகளாக ஊர்ந்து போகும் வழி அதற்குத் தோன்றாது. அந்த வழியை முதல் நாள் இரவே கணினியில் கிளிக் செய்து வரைந்து, ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமித்துக் கருவிக்குள் போட்டுவிட்டால் காலையில் யோசிக்க ஒன்றுமில்லை. ஜிபிஎக்ஸ் என்றால் மிரள வேண்டாம். வரிசையாக எழுதிய அகலாங்கு, நெட்டாங்கு எண்கள் கொண்ட சாதாரண எழுத்துக் கோப்பு அது. எந்த நிறுவனத்தின் கருவியும் வாசிக்கும். கருவி வாங்குமுன் ஒரு மாதம் தொலைபேசியை வைத்துக்கொண்டு இப்படி வழி வரைந்து பழகுங்கள். வரையப் பொறுமை இல்லாதவருக்கு எந்தக் கருவியும் வேகமானியாகத்தான் முடியும்.

ஹந்தானையில் தொடங்கி அப்புத்தளை, எல்ல பக்கமெல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அங்கேதான் படம் உள்ள கருவியின் அருமை தெரியும். தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரே மாதிரியான ஐந்து பாதைகள் பிரியும். கோடு 'இடப்பக்கம்' என்கிறது, இடப்பக்கத்தில் இரண்டு பாதைகள். அப்படிப்பட்ட இடத்தில் நாற்பது அடி நடந்து பார்த்து, அம்பு கோட்டை விட்டு நகர்கிறதா என்று கவனித்தால் போதும். அல்லது கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் கேளுங்கள். கருவியை விட விரைவாகச் சொல்வார்கள், எங்கே அட்டை அதிகம் என்பதையும் சேர்த்து.

'இரட்டை அலைவரிசை', 'பல செய்மதித் தொகுதி' என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அவசியமா?

அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸுடன் ரஷ்யாவின் குளோநாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் கேட்பது இன்று மலிவான கருவியிலும் உண்டு. அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

இரட்டை அலைவரிசை வேறு விஷயம். கோட்டையில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு அருகே ஓட்டிவிட்டு வீட்டில் பதிவைப் பார்த்தால், நீங்கள் கட்டடத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது போலக் கோடு கிடக்கும். அலை கண்ணாடிச் சுவரில் பட்டுத் தெறித்து, தாமதமாக வந்து சேர்வதால் கருவி தூரத்தைத் தவறாகக் கணக்கிடுகிறது. 1575.42 மெகாஹெர்ட்ஸுடன் 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையையும் கேட்கும் கருவியால் தெறித்து வந்ததை ஓரளவு இனங்காண முடியும். சிங்கராஜ வனத்தின் அடர்ந்த மரக்கூரையின் கீழும் இது உதவும். ஆனால் பற்றரியைக் குடிக்கும். கோடு கொஞ்சம் கோணலாக இருப்பதால் யாரும் வழி தவறியதில்லை. இரண்டாவது கருவிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலிமுகத்திடலில் நிற்கிறேன், உயரம் மைனஸ் தொண்ணூறு மீட்டர் என்கிறது. கடலுக்கடியிலா நிற்கிறேன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இலங்கையில் இருப்பதால்தான் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. செய்மதிகள் உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியைச் சற்று அமுங்கிய மென்மையான உருண்டையாகக் கற்பனை செய்து, அந்தக் கணிதப் பரப்பிலிருந்து. உண்மையான கடல் மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப அந்தப் பரப்புக்கு மேலும் கீழுமாக அலைகிறது. உலகிலேயே அது மிக ஆழமாகத் தாழ்ந்து கிடக்கும் இடம் நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே பள்ளம் ஏறத்தாழ 106 மீட்டர். கொழும்பிலும் 90 மீட்டருக்கு மேல். நல்ல கருவிகள் இந்த வித்தியாசத்தை அட்டவணை வைத்துத் திருத்திவிடும். சில தொலைபேசிச் செயலிகள் திருத்தாமல் அப்படியே காட்டும். கடலலை காலை நனைக்க நின்றுகொண்டு மைனஸ் தொண்ணூறு பார்த்தால், குறை செயலியில் என்று அறிக.

மலைக்குப் போகிறவர்கள் காற்றழுத்தத்தால் உயரம் அளக்கும் கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது. செய்மதி உயரம் எப்போதும் தள்ளாடும். சமதரையில் ஓட்டினாலும் முந்நூறு மீட்டர் ஏறியதாகக் கூட்டிக் கொடுக்கும். காற்றழுத்தமானிக்கும் ஒரு குறை உண்டு. கடல் மட்டத்தை ஒட்டி அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் உயரம் எட்டு மீட்டரளவு மாறியதாக அது எடுத்துக்கொள்ளும். நம் வெப்பவலயத்தில் மழையே இல்லாத நாளிலும் காலை பத்து மணிக்கும் பிற்பகல் நாலு மணிக்கும் இடையே அழுத்தம் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவு இறங்கும். கருவியை மேசையிலேயே வைத்திருந்தாலும் மாலைக்குள் இருபது, இருபத்தைந்து மீட்டர் 'ஏறியிருக்கும்'. புறப்படும்போது தெரிந்த உயரத்தைக் கொடுத்துச் சரிசெய்துவிடுங்கள். காலிமுகத்திடலை விட வசதியான இடம் கிடையாது.

பற்றரி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

பெட்டியில் உள்ள மணிக்கணக்கில் மூன்றில் இரண்டு பங்கை நம்புங்கள். பின்வெளிச்சமும் வழிகாட்டலும் போட்டால் அது இறங்கும். ஒருநாள் சவாரிக்கு உள்ளே பொதிந்த பற்றரி போதும், பையில் ஒரு பவர் பாங்க். பல நாள் நடைக்கு மாற்றக்கூடிய பற்றரி பெரிய நிம்மதி. ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு ஏஏ பற்றரியில் 25 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பென் டோர்ச் பற்றரி என்று கேட்டால் தோட்டத்துச் சில்லறைக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். யூஎஸ்பி சார்ஜருக்கு அங்கே எங்கே போவது?

மழை தாங்கும் என்றார்கள். உண்மைதானா?

ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்று பொருள். மழைக்கு அது தாராளம். மரைன் டிரைவில் ஓட்டுபவருக்கு மழையை விடப் பெரிய எதிரி உப்பு. கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து சார்ஜ் போடும் துளையைப் பச்சை பூக்க வைத்துவிடும். ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் ஈரத்துணியால் துடைத்து, துளை நன்றாகக் காய்ந்த பிறகே கேபிளைச் செருகுங்கள். என் முதல் கருவி எட்டே மாதத்தில் கண்ணை மூடியது இந்த அசட்டையால்தான்.

கொழும்பில் எங்கே வாங்கலாம்? பழையது வாங்கலாமா?

சைக்கிள் கடைகளிலும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களிலும் விசாரிக்கலாம். வெளிநாட்டில் உறவினர் இருந்தால் அவர்கள் கையில் கொண்டு வருவது நம்மவர் வழக்கம். விலை குறையும், உத்தரவாதமும் அங்கேயே தங்கிவிடும். பழுதானால் யார் தபால் செலவு கொடுப்பது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி: வரைபடம் பிரதேசத்துக்கு ஒன்று. ஒரு கடையில் 'முழுப் படத்தோடு' என்று வாங்கி வந்து வீட்டில் திறந்தேன். ஐரோப்பாவின் ஒவ்வொரு சந்தும் இருந்தது. இலங்கை இருந்த இடத்தில் வெறும் கரையோரக் கோடு. 2004இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலகப் படத்தின் தரவிலிருந்து செய்த இலவசப் படங்களை ஏற்றிச் சமாளித்தேன். கார்மினில் அது முடியும். எல்லாக் கருவியிலும் முடியாது, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய கருவி என்றால் கடையிலேயே வெளியே எடுத்துப் போய்த் திகதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மீண்டும் சுழியத்திலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் அதன்பின் ஏறத்தாழ இருபது வருடம் பின்னால் போய் நிற்கின்றன. இடம் சரியாகவே சொல்லும், ஆனால் உங்கள் சவாரி எல்லாம் நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் நடந்ததாகப் பதியும்.

தமிழ் காட்டுமா?

மெனுவில் எதிர்பார்க்காதீர்கள். ஊர்ப் பெயர்களும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் வரும். தொலைபேசிச் செயலிகள் இதில் முன்னே நிற்கின்றன.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய படம் வீட்டில் இருக்கிறது. அதோடு சேர்த்துப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. 1800இல் தொடங்கிய திணைக்களம். ஒரு மைலை ஓர் அங்குலமாக வரைந்த பழைய படங்களின் மலைக்கோடுகள் இன்றும் பார்க்க அழகு. ஆனால் அவை கந்தவல என்ற பழைய நில அளவை ஆதாரத்தில், அதாவது இடங்களை எங்கிருந்து அளப்பது என்ற அடிப்படையில், வரைந்தவை; ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ்84 என்ற உலகப் பொது ஆதாரத்தில். இரண்டையும் மாற்றாமல் பொருத்தினால் உங்கள் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் விளிம்பில் நூறு மீட்டர் என்றால் யோசித்துப் பாருங்கள். கைக்கருவிகளின் அமைப்பில் ஆதாரத்தை மாற்றும் பட்டியல் இருக்கும். கந்தவல அதில் உண்டா என்று பாருங்கள்.

ஆபத்தில் செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வாங்கலாமா?

கேட்பது மட்டும் செய்யும் ஜிபிஎஸ் வேறு, அனுப்பவும் செய்யும் இந்தக் கருவி வேறு. மாதக் கட்டணமும் உண்டு. அலை பரப்பும் கருவி என்பதால் இங்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுவிட்டே கொண்டு வர வேண்டும். சென்னைக்குப் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தியாவில் அனுமதி இல்லாமல் செய்மதித் தொலைபேசியோ செய்மதித் தூதுக் கருவியோ வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் பைக்குள் இருந்ததற்காகவே வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். இமயமலைக்குப் போவதாக இருந்தாலும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இங்கே சைக்கிளில் விழுந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஒழுங்கைக்குப் பெயர் தெரியாவிட்டால் கருவித் திரையில் உள்ள எண்களை வாசியுங்கள். தசம வடிவில் 6.8 அல்லது 6.9 என்று தொடங்குவதும் 79.8 என்று தொடங்குவதும் கொழும்பு. அந்தப் பக்கத்தை எப்படித் திறப்பது என்று விழுவதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

என் சவாரிகளை எல்லோரும் பார்க்கும்படி ஏற்றலாமா?

வீட்டைச் சுற்றி மறைப்பு வட்டம் போட்டுவிட்டு ஏற்றுங்கள். தினமும் ஒரே கேற்றிலிருந்து தொடங்கி அதிலேயே முடியும் கோடு, உங்கள் முகவரியையும் நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தையும் சேர்த்தே சொல்கிறது. 2018இல், சவாரிகளை ஏற்றும் ஸ்ட்ராவா செயலியின் உலக வெப்பப் படத்தில், அதாவது எல்லோரும் போன வழிகளை ஒளிக் கோடுகளாகச் சேர்த்துக் காட்டும் படத்தில், ராணுவ முகாம்களின் நடைபாதைகளே வெளிச்சமாகத் தெரிந்து பெரிய விவகாரமானது.

கடைசியாக, ஹாண்டிலில் பூட்டியபடியே விட்டுவிட்டுத் தோசைக் கடைக்குள் போகலாமா?

கூடாது. அரைச் சுற்றுத் திருப்பினால் கழன்று வரும் பூட்டு அது; உங்களுக்கு எவ்வளவு சுலபமோ அடுத்தவருக்கும் அவ்வளவு சுலபம். ஓடும்போது குழியில் விழுந்து தெறிக்காமலிருக்க ஒரு நூல் கட்டுங்கள், நிறுத்தியதும் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். மேசையில் வைக்காதீர்கள். சாம்பார் ஐபிஎக்ஸ்7இல் அடங்காது.